மிக்ஸி ஜூஸா, டப்பா ஜூஸா? அக்கா சொல்ற டிப்ஸ்

ஆடித் தள்ளுபடியில கோல்டு பிரஸ் ஜூஸர் போட்டிருக்காங்க, வாங்கட்டுமான்னு கேட்டிருந்தியே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். வேணாம்டி. மெஷின்ல குறை ஒண்ணும் இல்லை. மெதுவா நசுக்கிப் பிழியும், சக்கை உலர்ந்து வெளியே வரும், சாறும் கொஞ்சம் கூடுதலாவே கிடைக்கும். ஆனா காலையில ஆபீசுக்கு ஓடுற வீட்டுல அதைக் கழட்டி, சல்லடையில சிக்கின நாரை பிரஷ்ஷால தேய்ச்சு, காய வச்சு, திரும்ப மாட்டுறது யாரு? நான் பார்த்த வீடுகள்ல பாதி ஜூஸர் அட்டைப்பெட்டியோட பரண்லதான் குடியிருக்கு. உன்கிட்ட இருக்கிற மிக்ஸி, ஒரு நல்ல ஸ்டீல் வடிகட்டி, சாத்துக்குடி பிழியுற சின்ன கை மெஷின், இது போதும். மிச்சப் பணத்துக்குப் பழம் வாங்கு.

அடுத்தது, வீட்டு ஜூஸ் நல்லதா டெட்ரா பேக் நல்லதாங்கிற கேள்வி. வீட்டு ஜூஸ்தான்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா வீட்டுல போட்டதுங்கிற ஒரே காரணத்தால எதுவும் நல்லதாகிடாது. நாலு ஸ்பூன் சர்க்கரையை அள்ளிப் போட்டு, சக்கையை வழிச்சுக் குப்பையில கொட்டிட்டு, காலையில அடிச்சதைச் சாயங்காலம் குடிச்சா, அதுக்கும் டப்பாவுக்கும் பெரிசா வித்தியாசம் இல்லை. டப்பாக்காரன் எவ்வளவு சர்க்கரைன்னு பின்னாடி அச்சடிச்சாவது வைக்கிறான். அதனால யார் வீட்டு ஜூஸா இருந்தாலும் டம்ளருக்குள்ள பழம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, பிழிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேளு.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. பல்லு நல்லா இருக்கிறவங்க பழத்தைப் பழமாவே சாப்பிடறதுதான் உத்தமம். ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூணு, நாலு பழம் போயிடும். உட்கார்ந்து உரிச்சுத் தின்னா ரெண்டோட போதும்னு எழுந்திருப்போம். ஜூஸா அடிச்சா நாலு பழத்துச் சர்க்கரையும் ரெண்டே நிமிஷத்துல உள்ளே இறங்கிடுது, நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிடுது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல சர்க்கரை பத்திச் சொன்ன வழிகாட்டுதல்ல, பழமா சாப்பிட்டா அதுல இருக்கிற சர்க்கரையைக் கணக்குல சேர்க்கலை. அதையே ஜூஸாக்கினா, ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட நீ போடாட்டியும், குறைச்சுக்க வேண்டிய சர்க்கரைக் கணக்குல கொண்டுவந்துட்டாங்க. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுங்கிறாங்க. பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸ்ல இயற்கையாவே சுமார் 20 கிராம் இருக்கு. 2013-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஹார்வர்டு ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுச்சு. திராட்சை, ஆப்பிள் மாதிரி பழங்களை முழுசா சாப்பிட்டவங்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வர்றது குறைவா இருந்துச்சு, ஜூஸா நிறைய குடிச்சவங்களுக்குக் கூடுதலா இருந்துச்சு.

இதைக் கேட்டுட்டு ஜூஸையே விட்டுடாதே. வெயில்ல வந்தவங்களுக்கு, காய்ச்சல்ல வாய் கசந்து கிடக்கிறவங்களுக்கு, மெல்ல முடியாத பெரியவங்களுக்கு, பழத்தைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்புற உன் சின்னவனுக்கு ஜூஸ் ஒரு வழிதான். சின்ன டம்ளர்ல, எப்பவாவது குடிக்கட்டும்.

ஜாரைக் கவிழ்த்துப் பாரு

ஜூஸுக்குன்னு தனி மிக்ஸி ஜார் வச்சுக்கோ. பூண்டுச் சட்னி அரைச்ச ஜார்ல ஆப்பிள் ஜூஸ் போட்டா எந்தக் குழந்தை குடிக்கும்? ஜாரை வெளிச்சத்துல கவிழ்த்துப் பிடிச்சு பிளேடுக்கு அடியில பாரு. கறுப்பா ஒரு வளையம் தெரியும். மூடியில இருக்கிற ரப்பர் வாஷரையும் நகத்தால நெம்பி எடு. அந்தப் பள்ளத்துல பழைய சட்னி காய்ஞ்சு பூசணம் பிடிச்சிருக்கும். சமைக்கிற சாமான்னா கொதிக்கிறப்போ கிருமி சாகும், ஜூஸ்ல அது நடக்காது, ஜார்ல இருக்கிறது நேரா வயித்துக்குத்தான். கொஞ்சம் சோப்புத் தண்ணியை ஊத்தி அரை நிமிஷம் ஓட்டு, பிறகு அலசிக் கவிழ்த்து வை. கத்தி, பலகையும் அப்படித்தான். மீன் நறுக்கின பலகையில பழம் நறுக்காதே.

பழத்தையும் உரிக்கிறதுக்கு முன்னாடியே குழாய்த் தண்ணியில தேய்ச்சுக் கழுவு. தோலைத்தான் தூக்கிப் போடப் போறோமேன்னு விட்டா, மேல இருக்கிற அழுக்கைக் கத்தியே உள்ள கொண்டு போயிடும். தர்பூசணி, கிர்ணிப் பழத்துக்கு இது ரொம்ப முக்கியம், ரெண்டும் மண்ணுல கிடந்த பழம்.

இனி ஒவ்வொரு பழமா சொல்றேன்.

சாத்துக்குடி ஜூஸ் போட்டு பாட்டில்ல கொடுத்து அனுப்பினா கசக்குதுன்னு உன் வீட்டுக்காரர் திருப்பிக் கொண்டு வர்றாரே, அது பழத்தோட குத்தமில்லை. முழுப் பழத்துல கசப்பில்லாம இருக்கிற ஒரு பொருள், பிழிஞ்சதும் புளிப்போட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா லிமோனின்ங்கிற கசப்பா மாறிடும். நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். வெள்ளைத் தோல்லயும் விதையிலயும் இது நிறைய. கடைக்காரர் மேல்தோலைச் சீவிட்டு விதையோட மிக்ஸியில அடிச்சுக் கொடுக்கிறார், நீ அங்கேயே நின்னு குடிச்சுடறே, அதனால தெரியலை. வீட்டுல பழத்தைக் குறுக்கே வெட்டிக் கை மெஷின்லயே பிழி. ரொம்ப அழுத்தித் திருகினா வெள்ளைத் தோலும் சேர்ந்து இறங்கும். மிக்ஸியிலதான்னா சுளையை உரிச்சு, விதையை எடுத்து, ரெண்டு சுத்துல நிறுத்து. அஞ்சு நிமிஷத்துல குடிச்சு முடிச்சிடணும். கொடுத்து விடறதுன்னா சுளையா டப்பாவுல போட்டுக் கொடுத்து விடு.

மாதுளையும் விதையை அரைச்சா துவர்த்துப் போயிடும். முத்துக்களை ஜார்ல போட்டு, குமிழைப் பின்பக்கமா விட்டு விட்டுத் திருப்பு, ரெண்டு மூணு தடவை போதும். சாறு கழண்டு வரும், விதை உடையாது. மிக்ஸியே வேணாம்னா கெட்டியான கவர்ல முத்துக்களைப் போட்டு மூடி, சப்பாத்திக் கட்டையால உருட்டு. உன் சின்னவன்கிட்ட அந்த வேலையைக் கொடு, சந்தோஷமா செய்வான்.

பன்னீர் திராட்சையைப் பச்சையா மிக்ஸியில அடிச்சா விதை அரைபட்டு நாக்கு வறண்டு போகும். கல்லுப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு அலசி, அரை டம்ளர் தண்ணி விட்டு சிறு தீயில வை. தோல் வெடிச்சு, தண்ணி கத்திரிப்பூ நிறத்துக்கு வர்றப்போ இறக்கி, ஆறினதும் கரண்டியால மசிச்சு வடிகட்டு. வாசனை வீடு முழுக்க இருக்கும். நல்லா பழுத்த பழம்னா சர்க்கரையே தேவைப்படாது. கொதிச்ச சாறுங்கிறதால மூடி போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா மறுநாளைக்கும் தாங்கும். கம்பம் பள்ளத்தாக்குல வருஷத்துல பெரும்பாலான மாசம் இந்தப் பழம் அறுவடை ஆகிட்டே இருக்கு, 2023-ல இதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. விதையில்லாத பச்சைத் திராட்சையில இந்த மணம் எங்கே வரும்!

அன்னாசியைப் பால்ல போட்டு அடிக்காதே. அதுல இருக்கிற புரோமலின்ங்கிற என்சைம் பால் புரதத்தை வெட்டிப் போட்டுடும். பால் திரியும், கசக்கவும் செய்யும். பப்பாளி மில்க்‌ஷேக் வச்சிருந்தா கசக்கிறதும் இதே மாதிரி வேலைதான், போட்ட கையோட குடிச்சிடணும். அன்னாசி மில்க்‌ஷேக் வேணும்னு குழந்தை அடம் பிடிச்சா, துண்டுகளைக் கொதிக்க விட்டு ஆற வச்சுச் சேர். சூடு பட்டா அந்த என்சைம் அடங்கிடும்.

தர்பூசணிக்குத் தண்ணியும் வேணாம் சர்க்கரையும் வேணாம், மிளகுத்தூள் சிட்டிகை போதும். உள்ள ஊசி போட்டுச் சாயம் ஏத்துறாங்கன்னு 2025 கோடையில சென்னையில கிளம்பின பேச்சால விலை விழுந்து, பாவம், விவசாயிங்கதான் அடி வாங்கினாங்க. ஓட்டை போட்ட தர்பூசணி நம்ம வெயிலுக்கு ரொம்ப நேரம் தாங்காது, ஓட்டை வழியாவே அழுக ஆரம்பிச்சிடும். முழுப் பழமா வாங்கி வீட்டுல வெட்டு, முடிஞ்சது.

ஆப்பிள் ஜூஸ் பழுப்பாகிறது காத்து பட்டுத்தான். கெட்டுப் போனதுன்னு அர்த்தமில்லை, நாலு சொட்டு எலுமிச்சை விட்டா நிறம் நிக்கும். மாம்பழத்தை ஜூஸாக்குறது எனக்குப் பிடிக்காது. அதைத் தின்னு.

எல்லாத்தையும் விட உனக்கு நான் சிபாரிசு பண்றது எலுமிச்சைதான். ஒரு பழத்துல ரெண்டு டம்ளர் ஆகும், சர்க்கரை எவ்வளவுங்கிறது முழுக்க உன் கையில இருக்கு, பாதி உப்பு பாதி சர்க்கரைன்னு போட்டா இன்னும் குறையும். பழத்தைப் பலகையில உள்ளங்கையால அழுத்தி உருட்டிட்டு வெட்டு. நீ இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறே இல்லையா, அதை எலுமிச்சை ஜூஸோட போடு, வைட்டமின் சி இரும்பை உடம்புல சேர வைக்கும். டீ குடிச்ச கையோட போட்டா அது தடுக்கும். ஒரு எச்சரிக்கை, உங்க வீட்டுச் செம்புச் சொம்பு அழகா இருக்குன்னு அதுல எலுமிச்சை ஜூஸோ மோரோ ஊத்தி வைக்காதே. புளிப்பு பட்டா செம்பு அதுல கரையும். பித்தளை, அலுமினியத்துக்கும் அதேதான். கண்ணாடி இல்லைன்னா ஸ்டீல்.

பெரிய நெல்லிக்காய் ஜூஸும் நல்லதுதான். இஞ்சி, உப்பு, கொஞ்சம் மோர் சேர்த்துப் போடு. ஆனா புளிப்பு ஜூஸ் எது குடிச்சாலும் உடனே பல் விளக்காதே, புளிப்புல பல்லோட மேல்பூச்சு இளகியிருக்கும், பிரஷ்ஷு அதைத் தேய்ச்சு எடுத்துடும். வாயைக் கொப்பளிச்சுட்டு அரை மணி கழிச்சு விளக்கு.

காய்கறி ஜூஸ்ல கண்ணை மூடிக்கிட்டு இறங்காதே

இப்போ எல்லா வீட்டுலயும் ஏபிசி ஜூஸ்தான் பேச்சு. ஆப்பிள், பீட்ரூட், கேரட். நல்ல ஜூஸ்தான், குடி. ஆனா ரத்தத்தைக் கழுவும், கழிவை வெளியேத்தும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடு. அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காம ராப்பகலா உழைக்குது. கேரட்டோட கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்துக்கோ. கேரட்ல இருக்கிற கரோட்டின் கொழுப்போட போனாதான் உடம்புல நல்லா சேரும், ருசியும் கூடும். பீட்ரூட் குடிச்ச மறுநாள் பாத்ரூம்ல சிவப்பாப் போனா அலறாதே, சிலருக்கு அந்தச் சாயம் அப்படியே வெளியே வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க தினமும் டம்ளர் டம்ளரா பீட்ரூட் குடிக்க வேணாம், அது பிரஷரை இன்னும் இறக்கும். கிட்னியில கல்லு இருக்கிறவங்களுக்கும் பீட்ரூட், கீரை ஜூஸ் ஆகாது, ரெண்டுலயும் ஆக்ஸலேட் அதிகம்.

வாழைத்தண்டை வட்டமா நறுக்குறப்போ வர்ற நாரை விரல்ல சுத்திச் சுத்தி எடுத்துட்டு, கறுக்காம இருக்க உடனே மோர்ல போடு. அந்த மோரோடவே அரைச்சு வடிகட்டி, உப்பு, பெருங்காயம் சேர்த்தா குடிக்கவே ருசியா இருக்கும். கல்லைக் கரைக்கும்னு இதை மட்டும் நம்பி, இடுப்பு வலியோட டாக்டர்கிட்ட போகாம இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போ சொல்லப் போறதை உன் வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி. அவர் வாக்கிங் போயிட்டு வர்றப்போ பார்க் வாசல்ல சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறாராமே. சுரைக்காய் பொதுவா சாது. ஆனா எப்பவாவது ஒண்ணு கசக்கும். பார்க்க எல்லாக் காய் மாதிரியே இருக்கும், நறுக்கினாலும் தெரியாது, நாக்குல வச்சாதான் தெரியும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின்ங்கிற நஞ்சு. குடிச்ச கொஞ்ச நேரத்துல வயித்து வலி, வாந்தி, பேதி, சில பேருக்கு ரத்த வாந்தி, பிரஷர் சரசரன்னு இறங்குறது வரைக்கும் போயிடும். 2010-ல டெல்லியில சுரைக்காயும் பாகற்காயும் கலந்த ஜூஸ் குடிச்ச ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். அதுக்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு நிபுணர் குழுவைப் போட்டு ஆராய்ஞ்சது. இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது.

அதனால சுரைக்காயை ஜூஸ் போடறதுக்கு முன்னாடி நுனியில, காம்புப் பக்கத்துல, நடுவுல ஒவ்வொரு துண்டு கடிச்சுப் பாரு. லேசா கசந்தாலும் துப்பிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடு. இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கினோமேன்னு தேன் ஊத்திக் குடிக்கிற வேலையே வேணாம். பாகற்காயோட கலக்கவே கூடாது, அந்தக் கசப்புல இந்தக் கசப்பு மறைஞ்சு போயிடும். ஒரு மடக்கு குடிச்சதுமே கசந்தா அத்தோட நிறுத்தணும். குடிச்சப்புறம் வாந்தி, வயித்து வலின்னா வீட்டு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரி, போனதும் சுரைக்காய் ஜூஸ் குடிச்சதைச் சொல்லணும். வெள்ளரிக்காயும் இதே குடும்பம்தான். நுனியை வெட்டித் தேய்ச்சுட்டு ருசி பார்த்துட்டுப் போடுவாளே அம்மா, அது வெறும் பழக்கம் இல்லை.

பார்க் வாசல்ல விக்கிற அருகம்புல் ஜூஸும் எனக்கு உவப்பில்லை. புல்லு எந்த வாய்க்கால் ஓரத்துல பிடுங்கினது, எத்தனை தண்ணியில அலசினதுன்னு நமக்குத் தெரியாது, அதைப் பச்சையாக் குடிக்கிறோம். வீட்டுத் தொட்டியில வளர்த்து நாலு தண்ணியில அலசிப் போட்டுக் குடிக்கட்டும், நான் ஏன் வேணாங்கப் போறேன்?

டப்பாவைத் திருப்பு

டெட்ரா பேக் ஆறு மாசம் கெடாம இருக்குன்னா உள்ள என்னமோ மருந்து போட்டிருக்கான்னு மாமி சொல்றாங்களே, அது எப்பவும் உண்மையில்லை. ஜூஸை சில நொடி கடுஞ்சூட்டுல காட்டி, கிருமி நீக்கின பேக்ல, காத்து படாம அடைக்கிறாங்க. அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம்னு ஆறு அடுக்கு இருக்கும், வெளிச்சமும் உள்ளே புகாது. அதனால பாதுகாப்பு மருந்தே இல்லாமலும் மாசக் கணக்குல நிக்கும். பாட்டில்ல வர்றதுலதான் பெரும்பாலும் ஐ.என்.எஸ். 211, 202-ன்னு நம்பர் பார்க்கலாம். முதலாவது சோடியம் பென்சோயேட், ரெண்டாவது பொட்டாசியம் சார்பேட். ரெண்டும் அனுமதிச்ச அளவுக்குள்ள போடறதுதான். 330-ன்னா வெறும் சிட்ரிக் ஆசிட், 300-ன்னா வைட்டமின் சி. நம்பரைப் பார்த்ததும் பயப்படாதே. சர்க்கரையைப் பார்த்துப் பயப்படு.

பேக்கோட பின்பக்கம் பொருட்கள் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதல்ல வரணும்ங்கிறது சட்டம். தண்ணி, சர்க்கரை, அப்புறம்தான் மாம்பழக் கூழ்னு இருந்தா நீ வாங்குறது மாம்பழ வாசம் உள்ள சர்க்கரைத் தண்ணி. முன்னாடி ஃப்ரூட் ட்ரிங்க், ஃப்ரூட் பெவரேஜ்னு போட்டிருந்தா 10 சதவீதம் பழம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும், எலுமிச்சைன்னா 5 சதவீதமே போதும். ஸ்குவாஷ்னா 25 சதவீதம், ஆனா அதுல சர்க்கரைப் பாகும் சேர்ந்தே வரும். நம்ம கிருஷ்ணகிரி பக்கம் பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாப் போறது பெங்களூரான்னு சொல்ற கிளிமூக்கு மாம்பழம்தான். நல்ல பழம், அதுல தப்பே இல்லை. அந்தப் பழம் உன் பாட்டில்ல எத்தனை ஸ்பூன் இருக்குங்கிறதுதான் கேள்வி.

100 சதவீதம் ஜூஸ்னு போட்டிருக்கேன்னு கேப்பே. முக்கால்வாசி நேரம் அது பழத்தைப் பிழிஞ்சு, தண்ணியை வத்த வச்சு, பாகு மாதிரி ஆக்கி, பிறகு வேற ஊர்ல தண்ணி சேர்த்துப் பழைய பதத்துக்குக் கொண்டு வந்தது. இதை 100 சதவீத ஜூஸ்னு போட்டு ஜனங்களைக் குழப்பக் கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2024 ஜூன்ல உத்தரவு போட்டது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல இனிப்பு சேர்த்தா ‘இனிப்பு சேர்த்த ஜூஸ்’னு லேபிள்லயே சொல்லணும்ங்கிறதையும் அப்போ நினைவுபடுத்துச்சு. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ன்னு பெரிசாப் போட்டிருந்தாலும் பட்டியலைப் படி. ஆப்பிள், திராட்சைப் பாகை ஊத்தி இனிப்பாக்கியிருக்கலாம்.

கணக்கு போட ‘100 மில்லிக்கு’ங்கிற கட்டத்தை மட்டும் பாரு, ‘ஒரு பரிமாறலுக்கு’ங்கிறதை விட்டுடு, அந்த அளவை அவங்கவங்க வசதிக்கு வச்சுக்குவாங்க. 100 மில்லிக்கு 13 கிராம்னு இருந்தா, 250 மில்லி பாட்டில்ல 32 கிராமுக்கு மேல. ஆறு டீஸ்பூனுக்கும் மேலே போயிடுச்சு, ஒரே பாட்டில்ல.

கோல்டு பிரஸ்னு கண்ணாடி பாட்டில்ல ஃபிரிட்ஜுக்குள்ள விக்கிறதை வாங்கினா, கடையிலிருந்து வீடு வரைக்கும் குளிர்ச்சியாவே வந்தாத்தான் அதுக்குக் கொடுத்த விலைக்கு அர்த்தம். டெலிவரி பையன் மதிய வெயில்ல அரை மணி அலைஞ்சுட்டுக் கொண்டு வந்தா திருப்பிக் கொடுத்துடு. எந்தப் பேக்கா இருந்தாலும் பிரிச்சப்புறம் அது வீட்டு ஜூஸ் மாதிரிதான். ஃபிரிட்ஜ்ல வை, எத்தனை நாள்னு அதுலயே போட்டிருக்கும்.

தெருமுனை ஜூஸ் கடையை நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், நானே குடிக்கிறவதான். ‘ஐஸ் வேணாம், சுகர் வேணாம்’, இந்த ரெண்டையும் பழம் வெட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடு. பாதி கடையில ஐஸ் கட்டி சாக்கு மூட்டையில வந்து இறங்கும், அது எந்தத் தண்ணின்னு கடைக்காரருக்கே தெரியாது. ஏற்கெனவே வெட்டி அடுக்கி வச்ச பழம் வேணாம், முழுப் பழத்தை எடுத்து வெட்டச் சொல்லு. ஜாரை ஓடுற தண்ணியில கழுவுறாரா, இல்லை ஒரே பக்கெட்ல முக்கி முக்கி எடுக்கிறாரான்னு பாரு. பக்கெட்டுன்னா அடுத்த கடை.

சின்னவனுக்கும் பெரியவருக்கும்

மூணு வயசுப் பையனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு கேட்டே. ஒரு வயசு வரைக்கும் ஜூஸே வேணாம், ஒண்ணுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் நாளைக்கு 120 மில்லிக்கு மேல வேணாம்ங்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-ல சொன்ன அளவு. ஒரு காபி டம்ளர்னு வச்சுக்கோ. பால் பாட்டில்ல ஊத்திக் கையில கொடுத்துடாதே, சப்பிக்கிட்டே தூங்கினா முன்பல்லு முழுக்க சொத்தையாகிடும். டம்ளர்ல கொடு, சக்கையையும் கொஞ்சம் விட்டே வடிகட்டு. ஸ்கூல் பையில ஜூஸ் வேணவே வேணாம், வாழைப்பழமோ கொய்யாத் துண்டோ போதும்.

குழந்தைக்கு வயித்தால போனா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி ஆப்பிள் வாசனை வர்ற டெட்ரா பேக்கை வாங்கிட்டு வராதே. ஓ.ஆர்.எஸ்.ங்கிற எழுத்தைப் பேர்ல ஒட்டிக்கிட்டு இனிப்புத் தண்ணியை வித்துக்கிட்டு இருந்தாங்க. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாம போராடினாங்க, 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த எழுத்தை அப்படிப் பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டது. உண்மையான ஓ.ஆர்.எஸ். பொடியில ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அதைவிட இனிப்பு ஏறினா பேதி நிக்காது, கூடத்தான் செய்யும். பாக்கெட்ல உலக சுகாதார நிறுவனத்தோட அளவுன்னு இருக்கான்னு பார்த்து வாங்கி, சொன்ன அளவு தண்ணியில கலக்கு. வீட்டு ஜூஸும் அந்த நேரத்துல வேணாம்.

உங்க மாமனார் விஷயம் கொஞ்சம் ஜாக்கிரதை. இன்சுலின் போட்டுக்கிறவர், தினசரி பழ ஜூஸ் கூடாது. வெள்ளரி மோர், வெண்பூசணி, சர்க்கரை இல்லாத எலுமிச்சை போட்டுக் கொடு. பாகற்காய் ஜூஸ் குடிக்கிறேன், இன்சுலினைக் குறைச்சுக்கிறேன்னு அவர் தானா முடிவெடுக்க விடாதே. பம்ப்ளிமாஸ் பழமும் ஜூஸும் சில கொலஸ்ட்ரால், பிரஷர் மாத்திரைகளோட சேராது, மாத்திரை ரத்தத்துல அளவுக்கு மேல ஏறிடும், டாக்டர்கிட்ட கேட்டுக்கோ. கிட்னி சரியில்லைன்னு டாக்டர் சொல்லிட்டா அப்புறம் இளநீர், ஆரஞ்சு ஜூஸ் எல்லாமே அளவு கேட்டுத்தான். ஸ்டார் ஃப்ரூட் பக்கமே போகக் கூடாது.

ஆனா பாரு, இத்தனை நேரம் நான் திட்டின இனிப்பு டெட்ரா பேக் அவர் ஒருத்தருக்குத்தான் வீட்டுல அவசியமா இருக்கணும். இன்சுலின் போட்டுட்டுச் சாப்பாடு தள்ளிப் போனா சுகர் தாழ்ந்து, வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். அந்த நேரத்துல பழம் உரிச்சு, மிக்ஸி கழுவி, வடிகட்டிக்கிட்டு இருக்க முடியாது. 15 கிராம் சர்க்கரை உடனே உள்ள போகணும், அது சாதாரண ஜூஸ்ல அரை டம்ளர் சொச்சம். பேக்ல எத்தனை மில்லிக்கு 15 கிராம்னு இப்பவே கணக்கு பார்த்து, மேலேயே பேனாவால எழுதி வை. சர்க்கரையே இல்லாத டயட் வகையெல்லாம் இதுக்கு உதவாது. குடிச்சு 15 நிமிஷம் கழிச்சு சுகர் பார்க்கணும், 70-க்குக் கீழேயே இருந்தா இன்னொரு தடவை. ஏறினதும் ரெண்டு இட்லியாவது சாப்பிடணும். மயங்கி விழுந்துட்டா வாயில ஒரு சொட்டு ஊத்தாதே, புரையேறிடும், 108-க்குப் போன் பண்ணு. ரெண்டு சின்னப் பேக் வாங்கி, ஒண்ணு அவர் கட்டில் பக்கத்துலயும் ஒண்ணு வாக்கிங் பையிலயும் வை. சின்னவன் கண்ணுல படாத இடமா பார்த்து வை, காலாவதித் தேதியைக் காலண்டர்ல குறிச்சுடு.